எந்தக் கடிகாரத்தில் அளந்தீர்கள்?

மென்பொருளின் வேகத்தை அளந்து எண் சொல்கிற நிரலாளர்களுக்கும், அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கிறவர்களுக்கும்,



"புதிய பதிப்பு 7 சதவீதம் வேகம்" என்று எழுதுகிறீர்கள். எந்த ப்ராசசர், எவ்வளவு மெமரி, லினக்ஸில் எந்தப் பதிப்பு, கம்பைலருக்கு என்ன ஆப்ஷன் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் வரிசையாக இருக்கிறது. ஒன்று மட்டும் இருப்பதில்லை. தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எந்தக் கடிகாரத்திடம் கேட்டீர்கள்? காய்கறிக் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத் தெரிந்த நமக்கு, லட்சக்கணக்கில் சர்வர் வாங்கும் முடிவுக்குப் பின்னால் இருக்கிற தராசைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

கணினிக்குள் இருப்பது ஒரே கடிகாரம்தான் என்ற நினைப்பு இதற்குக் காரணமாக இருக்கலாம். உண்மையில் குறைந்தது இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, இன்று என்ன தேதி, மணி என்ன என்று சொல்வது. மற்றொன்று, இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் போனது என்று அளப்பது. முதல் கடிகாரத்தை இரண்டாவது வேலைக்குப் பயன்படுத்துவதுதான் நம் துறையின் மிகப் பழைய, மிகப் பரவலான தவறு. பெரும்பாலான நாட்களில் அது தவறு என்றே தெரியாது. அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

தெரிந்துபோன ஒரு நாளைச் சொல்கிறேன். 2017 ஜனவரி 1, இந்திய நேரம் காலை 5:30. உலகப் பொது நேரப்படி புத்தாண்டு அப்போதுதான் பிறந்தது. அதற்குச் சற்று முன் ஒரு லீப் நொடி சேர்க்கப்பட்டிருந்தது. பூமியின் சுழற்சியும் அணுக் கடிகாரங்களும் சரியாக ஒத்துப்போவதில்லை என்பதால் 1972 முதல் இப்படி அவ்வப்போது ஒரு நொடியைச் சேர்த்துவந்தார்கள். அது 27ஆவது, அதற்குப் பிறகு இன்னொன்று சேர்க்கப்படவில்லை. 23:59:59க்குப் பிறகு 23:59:60 என்று ஒரு நொடி வரவேண்டும். ஆனால் யூனிக்ஸ் கணக்கில் ஒரு நாளுக்கு 86,400 நொடிதான்; அந்தக் கூடுதல் நொடிக்கு அங்கே இடமே கிடையாது. லினக்ஸ் கெர்னல் என்ன செய்தது? தேதி சொல்லும் கடிகாரத்தை ஒரு நொடி பின்னால் இழுத்து, அதே நொடியை மறுபடி எண்ணியது.

க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டி.என்.எஸ். மென்பொருள் கோ மொழியில் எழுதப்பட்டது. எந்த சர்வர் சீக்கிரம் பதில் தருகிறது என்று கண்டுபிடிக்க, பதில் வந்த நேரத்திலிருந்து கேள்வி அனுப்பிய நேரத்தை அது கழித்தது. நாம் எல்லோரும் எழுதுகிற அதே கழித்தல். கேள்வி போனது லீப் நொடிக்கு முன், பதில் வந்தது கடிகாரம் பின்வாங்கிய பின். கழித்தால் மைனஸ். அந்த மைனஸ் எண் ஒரு ரேண்டம் எண் ஃபங்ஷனுக்குள் போனது. அந்த ஃபங்ஷனோ மைனஸைக் கண்டால் ஓட்டத்தையே நிறுத்திவிடும். உச்ச நேரத்தில் அவர்களுக்கு வந்த டி.என்.எஸ். கேள்விகளில் சுமார் 0.2 சதவீதம் பாதிக்கப்பட்டதாக அந்த நிறுவனமே பின்னர் விளக்கமாக எழுதியது. திருத்தம் ஒரே ஒரு எழுத்து: "பூஜ்யத்துக்குச் சமமா?" என்ற சோதனை "பூஜ்யமா, அதற்கும் கீழா?" என்று மாறியது.

அந்த நிரலை எழுதியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அப்போது கோ மொழியின் நேர நூலகம் தேதிக் கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் வெளியே காட்டவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பில்தான், ஒவ்வொரு நேர மதிப்புக்குள்ளும் பின்வாங்காத இன்னொரு கடிகாரத்தின் அளவும் சேர்த்து வைக்கப்பட்டது. இரண்டு நேரங்களைக் கழித்தால் மொழியே அந்த இரண்டாவது அளவை எடுத்துக்கொள்கிறது. பழைய நிரல்கள் ஒரு வரி மாறாமல் சரியாயின. மொழி வடிவமைப்பாளர்கள் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்பேன்.

மைனஸ் வந்ததால் அங்கே குட்டு உடைந்தது. எனக்குக் கவலை தருபவை ப்ளஸ்ஸாகவே இருந்துவிடும் தவறுகள். 40 மில்லி நொடி ஆகிய வேலை 47 என்று பதிவானால் யாருக்குத் தெரியப்போகிறது? "லீப் நொடியைத்தான் கைவிடப்போகிறார்களே" என்று சிலர் சொல்வார்கள். 2035க்குள் அந்த ஏற்பாட்டை மாற்றுவதென்று 2022இல் எடைகள், அளவைகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு முடிவெடுத்தது உண்மைதான். ஆனால் லீப் நொடி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விருந்தாளி, நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. தினமும் வீட்டிலேயே இருப்பவர். கணினியின் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி விலகிவிடும். அந்த விலகலைச் சரிசெய்ய என்.டி.பி. நிரல் ஓயாமல் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறது. அத்தகைய நிரலான என்.டி.பி.டி.யின் வழக்கமான அமைப்பில் விலகல் 128 மில்லி நொடிக்குள் இருந்தால் மெல்ல மெல்ல இழுக்கும்; அதைத் தாண்டி நீடித்தால் ஒரே தாவலில் நகர்த்தும். உங்கள் அளவீடு நடக்கும்போது அந்தத் தாவல் நிகழ்ந்தால், அது உங்கள் நிரலின் கணக்கில் எழுதப்படும்.

ஆகவே இடைவெளியை அளக்க மோனோடானிக் கடிகாரம். லினக்ஸில் அதன் பெயர் க்ளாக் மோனோடானிக். அது காட்டும் எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. இரண்டு எண்களின் வித்தியாசத்துக்கு மட்டும்தான் பொருள். பின்வாங்காது, தாவாது. என்.டி.பி. அதன் ஓட்டத்தைச் சற்றே வேகப்படுத்தும் அல்லது தாமதப்படுத்தும் என்பது மட்டும் உண்டு. அந்தத் திருகலும் வேண்டாம் என்பவர்களுக்கு க்ளாக் மோனோடானிக் ராவ் என்று ஒன்று இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று நிரலாளர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். வழக்கமான திருகல் அதிகபட்சம் பத்து லட்சத்தில் 500 பங்கு, அதாவது 0.05 சதவீதம். உங்கள் அளவீடு ஒவ்வொரு ஓட்டத்திலும் 3 சதவீதம் ஆடிக்கொண்டிருக்கும்போது இந்த வாதத்தால் பயன் ஒன்றுமில்லை. சாதாரண மோனோடானிக் போதும்.

சரி, மோனோடானிக்கைக் கேட்டாகிவிட்டது. கெர்னல் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்துத் தருகிறது? பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். இதற்குக் கீழேதான் சுவாரசியமே இருக்கிறது.

1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் பலகையில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருந்தது. அந்த விநோத எண்ணுக்குக் காரணம் அமெரிக்கத் தொலைக்காட்சி. அதை நான்கால் வகுத்தால் என்.டி.எஸ்.சி. வண்ண ஒளிபரப்புக்குத் தேவையான 3.58 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். மூன்றால் வகுத்தால் ப்ராசசருக்கு 4.77. பன்னிரண்டால் வகுத்தால் டைமர் சில்லுக்கு 1.193. அந்த டைமர் 65,536 வரை எண்ணி முடித்து ஒருமுறை மணியடிக்கும். நொடிக்கு சுமார் 18.2 முறை. டாஸ் காலத்து நிரல்கள் 55 மில்லி நொடிக்குக் குறைந்த எதையும் எளிதில் அளக்க முடியாமல் திண்டாடியதற்கு இந்த வகுத்தல் கணக்கே காரணம். பிறகு வந்த ஏ.சி.பி.ஐ. பவர் மேனேஜ்மெண்ட் டைமரும் அதே 3.579545 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த ஓர் எண் பல பத்தாண்டுகள் கழித்தும் சர்வர்களுக்குள் துடித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும்.

1993இல் பென்டியம் வந்தபோது ப்ராசசருக்குள்ளேயே ஓர் எண்ணி வைத்தார்கள். அதுதான் டி.எஸ்.சி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூடும். ஒரே கட்டளையில் படிக்கலாம். வெளியே உள்ள சில்லிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. வேகமாக அளக்க விரும்பியவர்கள் கொண்டாடினார்கள். கொஞ்ச காலத்தில் சிக்கலும் வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ப்ராசசர் தன் வேகத்தைக் குறைத்தால் இந்த எண்ணியும் சேர்ந்து மெதுவாகும். ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனால் நின்றேவிடும். 2005வாக்கில் ஏ.எம்.டி.யின் இரட்டைக் கோர் ப்ராசசர்களில் இரு கோர்களின் எண்ணிகளும் ஒன்றுக்கொன்று விலகி ஓடின. ஒரு கோரில் தொடங்கி மற்றொன்றில் முடிந்த அளவீட்டில் காலம் பின்னோக்கி நடந்தது; விளையாட்டுகளில் உருவங்கள் துள்ளின. இதற்காகவே ஏ.எம்.டி. தனியாக ஒரு திருத்த மென்பொருளை வெளியிட்டது.

இன்று நிலைமை வேறு. இன்டெலில் 2008இன் நெஹாலம் தலைமுறை முதல் டி.எஸ்.சி., ப்ராசசரின் வேகம் எப்படி ஏறி இறங்கினாலும் ஒரே சீராக ஓடுகிறது, உறக்கத்திலும் நிற்பதில்லை. லினக்ஸில் சிபியு விவரக் கோப்பைத் திறந்து கான்ஸ்டன்ட் டி.எஸ்.சி., நான்ஸ்டாப் டி.எஸ்.சி. என்ற இரண்டு அடையாளங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படிச் சீரானதாலேயே அது சொல்வது நேரத்தை. கோர் உண்மையில் செய்த சுழற்சிகளின் எண்ணிக்கையை அல்ல. டர்போவில் ஓடும் கோர் அதைவிட அதிகச் சுழற்சி செய்திருக்கும். டி.எஸ்.சி. வித்தியாசத்தை எடுத்து "இத்தனை சைக்கிள் ஆனது" என்று எழுதுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். சைக்கிள் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள செயல்திறன் எண்ணிகளை, லினக்ஸில் பெர்ஃப் கருவி வழியாகப் படியுங்கள்.

கெர்னல் தற்போது எந்த மூலத்தைப் பயன்படுத்துகிறது என்பதை அதுவே சொல்லும். சிஸ் அடைவுக்குள் க்ளாக்சோர்ஸ் என்ற பகுதியில் "கரண்ட் க்ளாக்சோர்ஸ்" என்றொரு கோப்பு இருக்கிறது. ஒரே சொல்தான் உள்ளே. அது டி.எஸ்.சி. என்றிருந்தால் நிம்மதி. கெர்னலுக்குள் தாவாமலேயே, வி.டி.எஸ்.ஓ. என்ற ஏற்பாட்டின் வழியாக உங்கள் நிரல் சில பத்து நானோ நொடியில் நேரத்தைப் பெற்றுக்கொள்ளும். ஹெச்.பி.இ.டி. என்ற வெளி டைமராக இருந்தால் சங்கடம்தான். ஒவ்வொரு முறையும் கெர்னலுக்குள் போய், அங்கிருந்து வெளியே உள்ள சில்லைக் கேட்டுவர வேண்டும். பல மடங்கு செலவு. இது உங்களுக்குத் தெரியாமலே நிகழலாம் என்பதுதான் விஷயம். லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு காவல் நிரல் டி.எஸ்.சி.யை வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சந்தேகம் வந்தால் "நிலையற்றது" என்று முத்திரை குத்திவிட்டு ஹெச்.பி.இ.டி. போன்ற வேறொன்றுக்கு மாறிவிடும். கெர்னல் பதிவேட்டில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். நேற்றும் இன்றும் அதே மெஷின், அதே நிரல், எண் மட்டும் வேறு என்றால் முதலில் அந்தக் கோப்பைப் படியுங்கள். நேரத்தை அடிக்கடி கேட்கும் நிரல் என்றால் காரணம் அங்கேயே இருக்கக்கூடும்.

கிளவுடில் இது இன்னும் கூர்மையாகும். நெட்ஃப்ளிக்ஸில் செயல்திறன் பொறியாளராக இருந்த பிரெண்டன் கிரெக் எழுதிய ஓர் அனுபவம் இத்துறையில் பலருக்குத் தெரியும். கசாண்ட்ரா தரவுத்தளத்தை சென்ட்ஓஎஸ்ஸிலிருந்து உபுண்டுவுக்கு மாற்றியதும் அது மெதுவானது. தோண்டிப் பார்த்தால், ஜாவா மணி கேட்பதிலேயே ப்ராசசரின் கணிசமான நேரம் கரைந்துகொண்டிருந்தது. அமேசானின் ஸென் வகை மெய்நிகர் கணினிகளில் கடிகார மூலம் ஸென் என்றே இருந்தது. அதைக் கேட்பது செலவுள்ள வேலை. டி.எஸ்.சி.க்கு மாற்றியவுடன் தாமதம் குறைந்தது. அளக்கும் கருவியே சுமையாகிப் போனதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்களில் ஒரு பிரிவினர் இதையெல்லாம் கேட்டுப் புன்னகைப்பீர்கள்: "எதற்கு இவ்வளவு சுற்று? டி.எஸ்.சி.யைப் படிக்கும் ஆர்.டி.டி.எஸ்.சி. கட்டளையை நேரடியாகப் போட்டு அளக்கலாமே." அளக்கலாம். ஆனால் இன்றைய ப்ராசசர் கட்டளைகளை எழுதிய வரிசையில் செய்வதில்லை. அளக்க வேண்டிய வேலை முடியும் முன்பே உங்கள் இரண்டாவது ஆர்.டி.டி.எஸ்.சி. ஓடி முடிந்திருக்கக்கூடும். தடுப்புக் கட்டளைகளை எங்கே வைப்பது, அதன் மாற்று வடிவமான ஆர்.டி.டி.எஸ்.சி.பி.யை எந்தப் பக்கம் போடுவது என்பதற்கென்றே இன்டெல் 2010இல் ஒரு கையேடு வெளியிட வேண்டியிருந்தது. சில நூறு சைக்கிள்களில் முடியும் துண்டு நிரலை அளப்பவர்களுக்கு அந்த வழி நியாயம். ஒரு வலைச் சேவையின் தாமதத்தை அளக்க ஆர்.டி.டி.எஸ்.சி. எழுதுவது வெறும் வீம்பு. இயங்குதளம் தரும் மோனோடானிக் அழைப்பு உள்ளே பெரும்பாலும் அதே எண்ணியைத்தான் படிக்கிறது. அளவு மாற்றத்தையும் சரிபார்ப்பையும் உங்களுக்காகச் செய்துவிட்டுத் தருகிறது. ஆர்ம் ப்ராசசருக்கு நகர்ந்தால் ஆர்.டி.டி.எஸ்.சி. என்ற கட்டளையே கிடையாது. ஆப்பிளின் எம்1 வந்தபோது இதன் தூரத்துச் சொந்தமான ஒரு சிக்கல் எழுந்தது. இன்டெல் மேக்குகளில் மாக் அப்சல்யூட் டைம் என்ற அழைப்பு தரும் எண்ணும் நானோ நொடியும் ஒன்றாகவே இருந்ததால், பெருக்கல் விகிதத்தைக் கேட்காமலே பலர் நிரல் எழுதிவிட்டார்கள். எம்1இல் அந்தக் கடிகாரம் 24 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பு 41.67 நானோ நொடி. விகிதம் கேட்காத நிரல்களில் எல்லாம் நாற்பது மடங்கு வேகம் கூடியதாகத் தெரிந்தது.

மொழிகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் டைம்.டைம் வேண்டாம், 3.3 பதிப்பு முதல் பெர்ஃப் கவுண்டர் இருக்கிறது. ஜாவாவில் கரண்ட் டைம் மில்லிஸ் அல்ல, நானோடைம். ரஸ்டில் சிஸ்டம்டைம் அல்ல, இன்ஸ்டன்ட். சி++இல் ஸ்டெடி க்ளாக். ஹை ரெசல்யூஷன் க்ளாக் என்ற பெயரில் மயங்கவேண்டாம்: ஜி.சி.சி.யின் நூலகத்தில் அது தேதிக் கடிகாரத்துக்கு இன்னொரு பெயர், மைக்ரோசாஃப்டின் நூலகத்தில் ஸ்டெடி க்ளாக்குக்கு இன்னொரு பெயர். விண்டோஸில் கெட் டிக் கவுண்ட் வேண்டாம், பெரும்பாலும் 15.6 மில்லி நொடிக்கு ஒருமுறைதான் நகரும். க்வெரி பெர்ஃபார்மன்ஸ் கவுண்டரைக் கேளுங்கள்.

பைத்தானின் பழைய டைம்.க்ளாக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. அது லினக்ஸில் ப்ராசசர் செலவழித்த நேரத்தைச் சொன்னது. விண்டோஸில் கடந்துபோன நேரத்தைச் சொன்னது. ஒரு நொடி தூங்கச் சொல்லி அளந்தால் லினக்ஸில் ஏறக்குறைய பூஜ்யம், விண்டோஸில் ஒன்று. 2019இல் 3.8 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள், நல்லது. ஆனால் அந்தக் குழப்பம் நீங்கவில்லை. டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் நிரலை ப்ராசசர் நேரத்தில் அளந்தால் காத்திருப்பு முழுவதும் மறைந்துவிடும். எட்டு த்ரெட்டுகளில் ஒரு நொடி ஓடியதை அதே கணக்கில் அளந்தால் எட்டு நொடி வரும். பயனர் அனுபவிப்பது கடந்துபோகும் நேரத்தை. மின்கட்டணத்தில் வருவது ப்ராசசர் நேரம். எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பிரவுசருக்குள் அளப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளியானபோது, பிரவுசர்கள் பெர்ஃபார்மன்ஸ்.நவ் கடிகாரத்தை வேண்டுமென்றே மழுக்கின. ஃபயர்ஃபாக்ஸ் உடனடியாக அதை 20 மைக்ரோ நொடிக்கு இறக்கியது. படித்த தகவல் கேஷில் இருந்ததா இல்லையா என்பதை நேர வித்தியாசத்தால் ஊகிப்பதுதான் அந்தத் தாக்குதலின் உயிர். கூர்மையான கடிகாரம் திருடனுக்கும் உதவும். இதன் விளைவு, பிரவுசரில் ஒரு ஃபங்ஷனை ஒரே ஒருமுறை ஓட்டி அளந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. ஆயிரக்கணக்கில் ஓட்டி வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மெஷின்களுக்கு இடையே ஒருவழித் தாமதத்தை அளக்கிறோம் என்பவர்களே, அனுப்பிய மெஷினின் கடிகாரத்தைப் பெற்ற மெஷினின் கடிகாரத்திலிருந்து கழிக்கிறீர்கள். அந்த இரண்டும் என்.டி.பி.யால் சேர்த்துவைக்கப்பட்டவை என்றால் அவற்றுக்கு இடையே ஒரு மில்லி நொடி வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒரே டேட்டா சென்டருக்குள் ஒரு பாக்கெட் போய்வர அதைவிடக் குறைந்த நேரமே ஆகும். மோனோடானிக் எண்களைக் கழித்தாலோ இன்னும் மோசம். அவை ஒவ்வொரு மெஷினிலும் வெவ்வேறு இடத்தில் தொடங்கியவை. போய்வரும் நேரத்தை அனுப்பிய மெஷினிலேயே அளப்பதுதான் வழி. ஒருவழி நேரமே வேண்டும் என்றால் பி.டி.பி. என்ற துல்லிய நேர ஏற்பாட்டுக்கும் அதற்கேற்ற நெட்வொர்க் அட்டைக்கும் செலவழியுங்கள்.

எந்தக் கடிகாரமானாலும் முதலில் அதையே அளந்து பாருங்கள். இடையில் எதுவும் செய்யாமல் அடுத்தடுத்து இரண்டு முறை நேரத்தைக் கேளுங்கள். பல லட்சம் முறை இதைச் செய்து வித்தியாசங்களைப் பாருங்கள். பூஜ்யம் அல்லாத மிகச் சிறிய வித்தியாசம் எவ்வளவு என்பது அந்தக் கடிகாரத்தால் பிரித்துக் காட்ட முடிந்த எல்லையையும் அதைக் கேட்கும் செலவையும் சேர்த்துச் சொல்லிவிடும். பூஜ்யமே திரும்பத் திரும்ப வந்து திடீரென்று பெரிய எண் வந்தால், அது படிப்படியாகத் தாவும் கடிகாரம். நீங்கள் அளக்கப்போகும் வேலை இந்த எல்லையைவிட நூறு மடங்காவது நீளமாக இருக்கட்டும். இல்லையென்றால் வேலையைத் திரும்பத் திரும்ப ஓட்டி நீளமாக்குங்கள். கடிகாரம் 41 நானோ நொடிக்கு ஒருமுறைதான் நகர்கிறது என்றால் "12.374 நானோ நொடி" என்ற ஒற்றை அளவீட்டில் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டுமல்ல, முதல் இரண்டும் கற்பனைதான்.

பேராசிரியர்களே, கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களே, அலுவலகங்களில் "இவ்வளவு வேகம் கூடியது" என்ற ஸ்லைடுக்குத் தலையாட்டுகிற மேலாளர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த எண்ணைப் பாராட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தக் கடிகாரம்? பதில் உடனே வந்தால் மற்ற எண்களையும் நம்ப ஒரு காரணம் கிடைக்கிறது. முழித்தால் அளவீட்டை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

நிரலாளர்களே, அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது, ப்ராசசர் பெயருக்கும் கம்பைலர் பதிப்புக்கும் கீழே இன்னும் ஒரே ஒரு வரி சேருங்கள். எந்தக் கடிகார அழைப்பு, கெர்னல் அப்போது பயன்படுத்திய மூலம் எது, அடுத்தடுத்துக் கேட்டபோது கிடைத்த மிகச் சிறிய வித்தியாசம் எவ்வளவு: இந்த மூன்றும் அந்த ஒரு வரியில் அடங்கும். ஏற்கெனவே வெளியிட்ட எண்களில் தேதிக் கடிகாரத்தால் அளந்தவை இருந்தால், அவற்றை மறுபடி அளந்து, மாறினாலும் மாறாவிட்டாலும் வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்